மூளையின் உயர்செயல்பாடுகளை மேற்படிப்பாகப் படிக்க விரும்புகிறவருக்கு

கேள்வி இது: "பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம் படிக்கிறேன். மொழி, நினைவு, கவனம், திட்டமிடுதல், முடிவெடுத்தல் போன்ற மனித மூளையின் உயர்செயல்பாடுகளை முதுநிலையில் படிக்க ஆசை. எந்தப் படிப்பு, எங்கே? கணக்கு எனக்கு அவ்வளவாக வராது, பரவாயில்லையா? முடித்தால் வேலை உண்டா?"

கல்லூரிப் பெயர்களுக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். இந்தப் படிப்பு உண்மையில் என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதற்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் பலர் மனதில் ஒரு படத்தோடு வருகிறார்கள்: ஸ்கேன் இயந்திரம், கணினித் திரை, மூளையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் ஒரு புள்ளி. அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் மொழியைப் பற்றியும் நினைவைப் பற்றியும் நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் உட்கார்ந்து, கேட்டு, பதிலை எழுதிக்கொண்டதில் கிடைத்தது. ஒருவர் எப்படித் தவறு செய்கிறார் என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவைதான்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் மறதிநோய்க்கான பரிசோதனைகள் செய்துகொண்டிருந்தேன். அறுபது தாண்டிய ஒரு பூக்கார அம்மாவை அவர் மகன் அழைத்து வந்தார். பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. தாளில் இருந்தபடியே கேட்டேன்: "நூறிலிருந்து ஏழைக் கழிங்கம்மா. வர்றதுலேருந்து மறுபடி ஏழைக் கழிங்க. அப்படியே போய்க்கிட்டே இருங்க." அவர் என் முகத்தையே பார்த்தார். "தொண்ணூறு..." என்று இழுத்து நிறுத்திவிட்டார். ஐந்துக்குப் பூஜ்யம் போட்டேன். கடிகாரம் வரையச் சொன்னேன். பென்சிலைப் பிடிப்பதிலேயே நேரம் போனது. கூட்டிப் பார்த்தால் நோய் நன்றாக முற்றியவருடைய மதிப்பெண். அவர் எழுந்து கிளம்பும்போது சும்மா பேச்சுக் கொடுத்தேன். "முழம் என்ன விலைம்மா?" "இருபது ரூபா." "பத்து முழம் வாங்கிட்டு ஐநூறு ரூபா கொடுத்தா?" நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. "மீதி முந்நூறு. சில்லறை இல்லேன்னா இன்னும் அஞ்சு முழம் எடுத்துக்க, இருநூறாக் கொடுத்துடறேன்."

அந்த ஒரு பதிலில் கழித்தல் இருக்கிறது, பெருக்கல் இருக்கிறது, எதிராளியின் பிரச்சினையை முன்கூட்டியே யோசித்து மாற்றுவழி சொல்வதும் இருக்கிறது. திட்டமிடுதல் என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான். அவர் பள்ளிக்குப் போகாததைத்தான் நான் அதுவரை அளந்துகொண்டிருந்தேன். மூத்தவர் ஒருவரிடம் சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான தேர்வுகளை வைத்து மறுபடி பார்த்தோம். மறதி இருந்தது, ஆனால் நான் எழுதவிருந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்தத் தாளை இன்னும் மறக்கவில்லை.

இந்தச் சிக்கலை மிக முன்பே எதிர்கொண்டவர் ரஷ்யாவின் நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா (1902–1977). 'உயர்செயல்பாடுகள்' என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சு நிலைபெற்றதில் அவருக்கும் அவர் ஆசானாக மதித்த உளவியலாளர் வைகாட்ஸ்கிக்கும் பெரும் பங்கு உண்டு. 1931-லும் 1932-லும் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய், படிக்காத விவசாயிகளிடம் ஒரு புதிர் போட்டார். பனி பெய்யும் தூர வடக்கில் கரடிகளெல்லாம் வெள்ளை. நோவயா ஸெம்ல்யா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? ஒருவர் சொன்ன பதிலின் சாரம்: தெரியாது, நான் கறுப்புக் கரடிதான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் விலங்கு. பார்க்காததைப் பற்றிப் பேச மறுக்கிற இந்தப் பதில் முட்டாள்தனமா? ஒரு சாட்சி நீதிமன்றத்தில் இப்படிப் பேசினால் பாராட்டுவோம். கொடுத்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உலகத்தைத் தள்ளிவைத்து யோசிக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கூடம்தான் தருகிறது. கொஞ்சம் படித்தவர்கள் அதே புதிருக்கு உடனே 'வெள்ளை' என்றார்கள். அந்த ஆய்வு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புத்தகமாக வெளிவர முடியாமல் கிடந்து, 1974-ல்தான் வந்தது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. மூளையில் குண்டடிபட்ட வீரர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் வேலையில் லூரியா இறங்கினார். அவர்களில் ஒருவர் ஸஸெட்ஸ்கி என்ற இளம் அதிகாரி. 1943-ல் தலையில் குண்டு பாய்ந்து, மூளையின் இடது பின்பகுதி சிதைந்தது. சொற்கள் புரியும், அவற்றுக்கு இடையிலான உறவு புரியாது. 'அப்பாவின் சகோதரன்' என்பதும் 'சகோதரனின் அப்பா' என்பதும் அவருக்கு ஒன்றுபோலவே குழம்பின. ஆனால் மூளையின் முன்பகுதி நன்றாக இருந்ததால் விடாமுயற்சி போகவில்லை. தன் நிலைமையைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளாக, சில நாள் ஒரு பக்கம்கூட நிரம்பாமல், சுமார் 3,000 பக்கம் எழுதினார்.

இதே தேர்வைத் தமிழில் வைக்கப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'அப்பாவின் தம்பி' என்று கேட்டால் நம்மிடம் 'சித்தப்பா' என்ற தயாரான சொல் இருக்கிறது. அப்பாவின் அண்ணன் என்றால் 'பெரியப்பா', அம்மாவோடு பிறந்தவர் என்றால் 'மாமா'. நோயாளி 'சித்தப்பா' என்று சரியாகச் சொன்னால், வேற்றுமை உருபைப் புரிந்துகொண்டு சொன்னாரா, 'அப்பா', 'தம்பி' இரண்டும் காதில் விழுந்ததும் பழக்கத்தில் வந்துவிட்டதா? பிரித்தறிய 'கடைக்காரரின் தம்பி', 'தம்பியின் கடைக்காரர்' என்று உறவுச்சொல் கைகொடுக்காத தொடர்களாக மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும். ஒரு தேர்வை மொழிபெயர்ப்பது சொல்லை மாற்றும் வேலையோடு முடிவதில்லை. இதை யோசிக்கும்போது உங்களுக்கு உற்சாகம் வந்தால் நீங்கள் சரியான துறையைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

லூரியாவிடம் கற்க வேண்டிய இன்னொன்று, ஒரே தவறுக்குப் பல காரணங்கள் உண்டு என்பது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவரால் எழுத முடியவில்லை. ஒலிகளைப் பிரித்துக் கேட்க முடியாததால் இருக்கலாம். எழுத்தின் சுழிகள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற இட உணர்வு கெட்டதால் இருக்கலாம். கை அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க முடியாததால் இருக்கலாம். அல்லது என்ன எழுத வந்தோம் என்பதே கையிலிருந்து நழுவிப்போவதால் இருக்கலாம். நான்கும் மூளையின் நான்கு வேறு இடங்கள். 'எழுதுவதற்கான இடம்' என்று ஒன்று கிடையாது. பல பகுதிகள் சேர்ந்து செய்யும் கூட்டு வேலை அது. அதிலும் தமிழில் ஒரு எச்சரிக்கை: ல, ள, ழ குழப்பத்தைப் பார்த்ததும் நோய்க்குறி என்று எழுதிவிடக் கூடாது. அந்த ஆள் நோய்க்கு முன் எப்படிப் பேசினார், எழுதினார் என்று வீட்டாரைக் கேட்க வேண்டும்.

நினைவு ஆராய்ச்சியில் எல்லோருக்கும் தெரிந்த நோயாளி ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை அகற்றினார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் மான்ட்ரியலிலிருந்து வந்து அவரைப் பரிசோதிப்பார். ஒரு நட்சத்திரப் படத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் கோடு இழுக்க வேண்டும், ஆனால் கையைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். முதல் நாள் கோடு தாறுமாறாகப் போனது. மூன்றாம் நாள் சுத்தமாக இழுத்தார். அதை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை! கைக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. நினைவு ஒன்றல்ல, பல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. செலவு: ஒரு கண்ணாடி, ஒரு பென்சில், சில தாள்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தெரியும் 'மாயக்கை' வலியை ஆராயப் பயன்படுத்தியதும் ஒரு பெட்டியும் ஒரு கண்ணாடியும்தான்.

ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்யும்போதே படமெடுக்கும் ஸ்கேன்) நரம்பணுக்கள் பேசுவதைப் பதிவு செய்வதில்லை. அவை வேலை செய்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக வருவதைப் பதிவு செய்கிறது, அதுவும் சில நொடி தாமதமாக. தலைமேல் மின்வாய் வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. மில்லிநொடி வரை நேரத்தைப் பிடிக்கும், இடத்தைச் சரியாகக் காட்டாது. ஒரு ஸ்கேனில் மூளையைச் சுமார் 50,000 சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால், நூற்றுக்கு ஐந்து தற்செயல் என்ற வழக்கமான அளவுகோலில் 2,500 கட்டங்கள் சும்மாவே ஒளிரும். 2009-ல் கிரெய்க் பென்னட்டும் உடன் பணியாற்றியவர்களும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் உணர்ச்சிப் படங்களைக் 'காட்டினார்கள்'. இத்தனை கட்டங்களைச் சோதித்ததற்கான திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரிந்தது. உரிய திருத்தம் செய்ததும் காணாமல் போனது.

இதுதான் உங்கள் கணக்குக் கேள்விக்கும் பதில். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பயப்படவும் வேண்டாம். தேவைப்படும் கணக்கு இப்படி இருக்கும். 50 சொற்களைப் படிக்கக் கொடுத்து, பிறகு அவற்றோடு 50 புதுச்சொற்களைக் கலந்து 'இது முன்பு பார்த்ததா?' என்று கேட்கிறீர்கள். ஒருவர் பழைய சொற்களில் 45-க்கு ஆம் என்கிறார். இன்னொருவர் 35-க்குத்தான். முதல் ஆளுக்கு நினைவு நன்றாக இருக்கிறதா? புதுச்சொற்களைப் பாருங்கள்: முதல் ஆள் அவற்றிலும் 40-க்கு ஆம் என்றிருக்கிறார், இரண்டாமவர் 5-க்கு மட்டும். முதல் ஆள் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார். நினைவு இருப்பது இரண்டாமவருக்கு. இந்தப் பிரித்தறிதலைச் சமன்பாடாக எழுதினால் அது சிக்னல் கண்டறிதல் கோட்பாடு. நிகழ்தகவு, புள்ளியியல், கொஞ்சம் அணிகள் (மேட்ரிக்ஸ்), பைத்தான் அல்லது ஆர் மொழியில் நிரல் எழுதுவது, இவ்வளவும் ஒரு வருடத்தில் பழகிவிடலாம். கேள்வியோடு சேர்த்துப் படித்தால் கணக்கு ஒட்டிக்கொள்ளும்.

சரி, எங்கே படிப்பது? நீங்கள் கேட்ட உயர்செயல்பாடுகளை ஆராயும் துறைக்கு 'அறிதல் அறிவியல்' (காக்னிடிவ் சயின்ஸ்) என்று பெயர். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை மற்றும் அறிதல் அறிவியல் மையம் 2002-ல் தொடங்கியது; இந்தியாவில் அறிதல் அறிவியலை முதுநிலைப் பாடமாக நிலைநிறுத்தியதில் அதற்கு முக்கிய இடம் உண்டு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் நரம்பு மற்றும் அறிதல் அறிவியலுக்குத் தனி மையம் இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களில் காந்திநகரும் டெல்லியும் அறிதல் அறிவியலில் எம்.எஸ்சி. தருகின்றன, கான்பூரில் தனித் துறையே உண்டு. உளவியல் மட்டுமல்ல, பொறியியல், மொழியியல், தத்துவம் படித்தவர்களும் இவற்றுக்கு வருகிறார்கள், வகுப்பில் அது பெரிய பலம். சேர்க்கைக்குச் சில இடங்களில் காக்ஜெட் என்ற பொதுத் தேர்வு, சில இடங்களில் வேறு. தகுதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் நம்புங்கள். உயிரியல் பக்கம் சாய்வு இருந்தால் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையமும். கணிப்பொறி மாதிரிகள் பிடித்தால் ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டி. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அங்கே நடப்பது மூளையைச் செல் அளவில் படமெடுத்து வரைபடமாக்கும் பெரும்பணி. மதிப்புமிக்க வேலை, ஆனால் அது அமைப்பைப் பற்றியது. நீங்கள் கேட்கும் மொழி, முடிவெடுத்தல் எல்லாம் வேறு வகை ஆய்வு.

நோயாளிகளைப் பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால், வழி தனி. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். எம்.எஸ்சி. அறிதல் அறிவியல் அதைத் தராது. இது தெரியாமல் சேர்ந்து பின்னால் வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை காலம் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜிதான் முக்கிய வாசல். எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியபோது, இதைப் போன்ற மருத்துவமனை சார்ந்த படிப்புகளுக்கு 2025-26 வரை நீட்டிப்பு கொடுத்தார்கள். ஆகவே இப்போது நடைமுறையில் உள்ள படிப்பு எது என்று கவுன்சிலின் தளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பயிற்சிக்கு பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸுக்கு ஈடு குறைவு. நம் நாட்டு மக்களின் வயது, கல்வி, பாலினம் பார்த்து அளவுகோல் வகுத்த நரம்பு உளவியல் தேர்வுத் தொகுப்பை அவர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். பேச்சிழப்பில் ஆர்வம் என்றால் மைசூரின் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம்.

வெளிநாடு என்றால் நெதர்லாந்தின் நெய்மேகன், இத்தாலியின் ட்ரென்டோ, ஜெர்மனியின் ஆஸ்னாப்ரூக் ஆகியவை இந்தத் துறையில் நல்ல முதுநிலைப் படிப்புகள் கொண்ட இடங்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் எம்.எஸ்.ஸுக்குக் கடன் வாங்குவதைவிட, உதவித்தொகையோடு நேரடியாகப் பிஎச்.டி.க்கு முயல்வது நல்லது.

எங்கே சேர்ந்தாலும், சேருவதற்கு முன் அங்கே படிக்கும் ஒரு மாணவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முதல் வருடத்தில் நீயே ஒரு பரிசோதனையை நடத்தினாயா? எத்தனை மனிதர்களோடு நேரில் உட்கார்ந்தாய்? உன் வழிகாட்டி வாரத்துக்கு ஒருமுறையாவது உன் தரவைப் பார்த்தாரா? கட்டடமும் இயந்திரமும் இந்தப் பதில்களுக்குப் பின்னால்தான்.

வேலை பற்றி உள்ளதைச் சொல்கிறேன். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் 'அறிதல் அறிவியலாளர்' என்று பெயர் போட்ட வேலைகள் குறைவு. ஆராய்ச்சித் திட்டங்களில் உதவியாளர், மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு, கல்வித் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகளை மதிப்பிடும் பணி ஆகியவை கிடைக்கின்றன. ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை) கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால் 2023-லிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். வீட்டு நிலைமை இதற்கு இடம் கொடுக்குமா என்பதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். மருத்துவமனை வழியில் வருமானம் சீக்கிரம் நிலைப்படும், காரணம் ஆள் போதவில்லை.

ஆள் போதாமை தமிழில் இன்னும் அதிகம். மறதிநோயைக் கண்டறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) உருவாக்கிய அறிதிறன் தேர்வுத் தொகுப்பு முதலில் வந்தது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளத்தில். ஒரு நல்ல முன்னுதாரணம் ஹைதராபாத்தில் இருக்கிறது. சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-ல் 648 மறதிநோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, இரு மொழி பேசுவோருக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருப்பதைக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அது தெரிந்தது. குடிபெயர்ந்தவர்களை வைத்து வெளிநாட்டில் செய்த ஆய்வுகளில் காரணம் இருமொழியா, குடிபெயர்ந்ததா என்று பிரிக்க முடியாமல் இருந்த ஒரு முடிச்சை, பலரும் இயல்பாகவே இரண்டு மூன்று மொழி பேசுகிற ஊரில் பிரிக்க முடிந்தது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை, ஆனால் கேள்வியை அடுத்த படிக்குக் கொண்டுபோனது நம் ஊர் தரவு.

விண்ணப்பிப்பதற்கு இன்னும் சில மாதம் இருக்கும் உங்களுக்கு. அதற்குள் இதைச் செய்து பாருங்கள். ஸ்ட்ரூப் தேர்வு 1935-லிருந்து இருக்கிறது: 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அச்சடித்து, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. வாயில் 'பச்சை' என்று வந்துவிடும், இழுத்துப் பிடித்து 'சிவப்பு' என்று சொல்ல வேண்டும். படிப்பது தானாக நடக்கும் அளவுக்குப் பழகியவருக்குத்தான் இந்தத் தடுமாற்றம். இதைத் தமிழில் ஒரு தாள், ஆங்கிலத்தில் ஒரு தாள், ஒப்பிட்டுப் பார்க்க 'மேசை', 'நாற்காலி' போன்ற சொற்களோடு ஒவ்வொரு மொழியிலும் ஒரு தாள் தயாரியுங்கள். தமிழ் வழியில் படித்த இருபது பேர், ஆங்கில வழியில் படித்த இருபது பேர். தாள்களின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், நேரத்தைக் கைபேசியில் அளந்து எழுதுங்கள், தவறுகளையும் தனியாகக் குறியுங்கள். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் மட்டும் படித்தவர் எந்தத் தாளில் அதிகம் தடுமாறுகிறார்? உங்கள் ஊகத்தை முதல் ஆளைச் சோதிப்பதற்கு முன்பே எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள், பிறகு மாற்றக் கூடாது. நாற்பது பேரின் எண்களும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.